நாலணா பாரம்

ஓர் ஆண்பிள்ளைக்கு நாற்பது வயதுக்குள் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்தாக வேண்டும். எங்கள் ஆபீஸில் கேஷியர் மீன் வளர்க்கிறார். டெஸ்பாட்ச் தம்பி ஞாயிறுதோறும் தன் புல்லட்டை அக்கு அக்காகக் கழற்றி மாட்டுகிறான். ஒவ்வொரு தடவையும் இரண்டு நட்டு மிச்சமாகிறது. வண்டி என்னவோ ஓடுகிறது. எனக்கு ரிக்கார்டு. கேஸட் வந்து போய், சி.டி.யும் வந்து போய், பாட்டெல்லாம் செல்போனில் கொட்டிக் கிடக்கிற காலத்தில், கறுப்புத் தட்டைத் துடைத்து, சுழலவிட்டு, முள்ளை மெல்ல இறக்கி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்த் திருப்பிப் போடுகிற பைத்தியம்.

என் வீட்டில் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மார்க் 2. துபாயிலிருந்து மூட்டை கட்டி வந்த ஒருவரிடம் வாங்கியது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1972-ல் பிறந்தது. 2010-ல் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. உலகமெங்கும் எழுந்த கூக்குரல் தாங்காமல் 2016-ல் மறுபடி ஆரம்பித்தது. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கனம். என் மனைவி இதை 'அம்மிக்கல்' என்றுதான் சொல்வாள். தேங்காயாவது அரைக்க முடிந்தால் ஒரு பிரயோஜனம் உண்டு என்பது அவள் கட்சி.

ஆனால் இந்த அம்மிக்கல் நேரடியாக ரிக்கார்டைத் தொடுவதே இல்லை. தொடுவது, அதன் கை நுனியில் தொங்கும் கட்டைவிரல் நகம் அளவு சமாசாரம். கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அதன் அடியில் எள் முனையில் பத்தில் ஒரு பங்காய் ஒரு வைரத் துணுக்கு. பள்ளத்தில் ஓடுவது அதுதான். பள்ளத்தின் நெளிவுக்கு ஏற்ப அது ஆட, உள்ளே ஒரு காந்தமோ கம்பிச்சுருளோ கூட ஆட, சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் பல்லக்குத் தூக்கிகள்.

என்னுடையதோடு கூட வந்தது கல்யாண வீட்டு டி.ஜே. ஆசாமிகள் போடும் முரட்டு வகை. அதை மாற்றலாமா என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கச் செலவில்லை அல்லவா? திடீரென்று அவசரம் வந்தது. படவேட்டிலிருந்து மாமா போன் பண்ணினார்.

படவேடு தெரியுமா? வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியே போனால் ஜவ்வாது மலை அடிவாரம். வழி நெடுக வாழைத்தோப்பு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். இன்றைக்கு ரேணுகாம்பாள் கோயில்தான் ஊருக்கு அடையாளம். ஆடி வெள்ளி என்றால் மாட்டு வண்டி, வேன், பஸ், நடை என்று ஜனம் வந்து குவியும். பொங்கலும் மொட்டையும் வேப்பிலையுமாய் ஊரே நிறைந்துவிடும். அத்தனை ஜனத்துக்கும் பாட்டுப் போட்டவர்களில் என் மாமா ஒருவர். மைக் செட்காரர்.

விடியற்காலை சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரை எழுப்புவார். அடுத்து டி.எம்.எஸ். முருகனைக் கூப்பிடுவார். வெயில் ஏற ஏற எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை அழைக்க, சாமியாட இருந்தவர்கள் எல்லாம் ஆடுவார்கள். ராத்திரி சினிமாப் பாட்டு. கல்யாணமென்றால் தாலி கட்டுகிற நேரத்துக்கு நாகஸ்வர ரிக்கார்டு தயாராகத் தனியே எடுத்து வைத்திருப்பார். மேளக்காரர் வந்திருந்தாலும் சரி, மாமா தயார். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்த தொழில். எண்பதுகளில் கேஸட் வந்து படுத்தது. இரண்டு டிரங்குப் பெட்டியில் தட்டுகளை அடுக்கிப் பரணில் ஏற்றினார். அவ்வளவுதான்.

போனில் சொன்னார்: "மாப்ள, வூட்ட இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறான் பையன். பொட்டி ரெண்டும் எங்க வைக்கறது? ஒரு வியாபாரி வந்து மொத்தமா வெல பேசிட்டுப் போயிருக்கான். ஓடுற பிளேட்டு எதுனா இருந்தா நீ எடுத்துக்க. மீதிய தள்ளிடலாம். ஆனா ஒண்ணும் ஓடாது. எல்லாம் தேஞ்சி போச்சி."

ஒரு மாசம் தவணை. இருநூற்றுச் சொச்சம் தட்டு. எது பிழைக்கும், எது போகும் என்று தீர்ப்புச் சொல்லப் போவது முள். முரட்டு முள்ளை வைத்து முதலில் பத்துத் தட்டைச் சோதித்தேன். எல்லாவற்றிலும் மணலில் கடலை வறுக்கிற சத்தம். நடுநடுவே யாரோ பாடினார்கள். சட்டிக்குள்ளிருந்து பாடியது போல இருந்தது.

ஆக, புது கார்ட்ரிட்ஜ். போனஸில் ஒரு பகுதியை ஒதுக்கினேன். எவ்வளவு என்பதை வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதால் எழுதவில்லை.

*

இந்தக் கிறுக்கில் நண்பர்கள் இரண்டு வகை. முதல் வகை, "லட்சத்துக்குக் கீழே வாங்குவது பாவம்" என்பார்கள். உண்மையிலேயே பல லட்சம் விலைக்கு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நகம் அளவு சாமானுக்குக் கார் விலை. இரண்டாவது வகை, "டெனான் டி.எல்.103 வாங்கு, வாயை மூடு" என்பார்கள். இது கொஞ்சம் மரியாதையான கட்சி. ஜப்பான் வானொலியான என்.எச்.கே.க்காக 1960-களின் ஆரம்பத்தில் உருவான கார்ட்ரிட்ஜ் அது. இன்றும் அதே உருவத்தில் வருகிறது. குரல்கள் அதில் அருமையாக இருக்கும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் கார்ட்ரிட்ஜ் வாங்குவது பெண் பார்ப்பது மாதிரி. அழகு, குணம் எல்லாம் இருந்தாலும் ஜாதகம் பொருந்த வேண்டும்.

முதல் பொருத்தம், கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும். முள் ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் நெகிழ்ந்து ஆடுகிறது. கை ஒரு கனம். ஸ்பிரிங்கில் தொங்கும் குண்டு மாதிரி இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தாமாகவே ஆடப் பார்க்கும். அந்த ஆட்டம் விநாடிக்கு 8-லிருந்து 12 தடவைக்குள் இருந்தால் உத்தமம். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டு, பக்கத்தில் நடக்கிற காலடி எல்லாம் முள்ளைத் தூக்கியடிக்கும். மேலே போனால் பாட்டின் அடி ஸ்தாயியிலேயே கை வைக்கும். கணக்கு சுலபம். கை, கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாம் சேர்ந்த எடையை கிராமில் எடுத்து, முள்ளின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். எடை 20, நெகிழ்வு 15 என்றால் ஒன்பது சொச்சம் வரும். பொருத்தம் உண்டு, முகூர்த்தம் குறிக்கலாம்.

இரண்டாவது பொருத்தம், ஆம்ப்ளிஃபையரோடு. காந்தம் ஆடுகிற வகை மூன்று நான்கு மில்லிவோல்ட் கொடுக்கும். சாதாரண ஃபோனோ துவாரத்தில் செருகினால் போதும். சுருள் ஆடுகிற வகையில் பெரும்பாலானவை அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும். டி.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட். அதைத் தூக்கிவிட இன்னொரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு விலை. அதற்கு ஒரு வயர். வயருக்கும் ஒரு விலை. சம்பந்தி வீட்டார் பட்டியல் மாதிரி நீளும். முள் தேய்ந்தால் காந்த வகையில் பழையதை உருவிவிட்டுப் புது முள்ளைச் செருகலாம். சுருள் வகையில் அது நம்மால் ஆகாது. கார்ட்ரிட்ஜையே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது பொருத்தத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. தட்டோடு பொருத்தம். என் விஷயத்தில் மற்ற இரண்டையும் விட அதுதான் முக்கியம்.

*

மாமாவின் டிரங்குப் பெட்டியில், தட்டுகளுக்கு மேலே, பழைய பிளேயரின் கைத்தலையும் இருந்தது. அதன்மேல் கறுப்பு டேப் சுற்றி ஒரு எட்டணாக் காசு ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"காத்து அடிச்சா முள்ளு குதிக்கும் மாப்ள. சாமி ஊர்வலத்துல கூட்டம் பந்தல இடிக்கும். பாட்டு பாதில நின்னா ஜனம் சும்மா வுடுமா? அதான் பாரம் வெச்சேன்."

முள் பாரம் நிறுக்க என்னிடம் ஒரு குட்டித் தராசு உண்டு. காசை வைத்தேன். ஐந்து கிராம். அந்தக் காலத்து பீங்கான் கார்ட்ரிட்ஜுகளே ஐந்து கிராமை ஒட்டிப் பாரம் கேட்பவை. காசும் சேர்ந்தால் பத்து. இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் கேட்பது இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. அதாவது ஒரு பழைய நாலணாக் காசின் எடை. 2011-ல் செல்லாமல் போன அதே நாலணா.

பாரம் மட்டுமில்லை. மாமா போட்டது சபையர் முள். வைரம் நூற்றுக்கணக்கான மணி நேரம் தாங்கும் என்றால் சபையர் சில பத்து மணி நேரத்திலேயே மழுங்கிவிடும். மழுங்கிய முள் பள்ளத்தில் உழும். முள் எவ்வளவு நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இருபது நிமிஷம் ஓடும் எல்.பி.யின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை இழுத்து நீட்டினால் சுமார் 430 மீட்டர். மணிக்கு 1.3 கிலோமீட்டர். ஆடி வெள்ளி தரிசன வரிசையின் வேகம்தான். ஆனாலும் விடாமல் நடக்கிறது. ஐந்நூறு மணி நேரத்தில் 650 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பித் திருநெல்வேலியைத் தாண்டிவிடும், கால் செருப்பு இல்லாமல்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. பழைய முள்ளின் நுனி உருண்டை. வி எழுத்து மாதிரியான பள்ளத்துக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் அது இரண்டு சுவரையும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். மாமாவின் முள் உழுததெல்லாம் அந்த ஒரு மட்டத்தில்தான். அதற்குக் கீழேயும் மேலேயும் சுவர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். என் டி.ஜே. முள்ளும் கோலிக்குண்டு வகை. ஆகவே அது போய் உட்கார்ந்ததும் அதே உழுத இடத்தில். கடலை வறுபட்டதில் ஆச்சரியமில்லை. டி.எல்.103-ன் நுனியும் உருண்டைதான்! என்ன விலை கொடுத்தாலும், என்ன பெயர் பெற்றிருந்தாலும், அதே காயத்தின்மேல்தான் நடக்கும்.

எனக்கு வேண்டியது வேறு வடிவ நுனி. நீள்வட்டமாகச் சீவியது ஒரு வகை. அதைவிட மெல்லிய விளிம்பாகச் சீவியவை ஷிபாட்டா, மைக்ரோலைன் என்று இருக்கின்றன. ஷிபாட்டா, எழுபதுகளின் ஆரம்பத்தில் நான்கு ஸ்பீக்கர் ரிக்கார்டுகளுக்காக ஜே.வி.சி. கம்பெனியில் பிறந்தது. இந்த மெல்லிய விளிம்புகள் சுவரை மேலிருந்து கீழ் வரை ஒரு கோடாகத் தொடும். உழுத இடத்தைத் தாண்டி, உழாத இடத்திலும் பேச்சுக் கொடுக்கும்.

படவேட்டுக்காரனுக்கு இது புரியக் கஷ்டமில்லை. எங்கள் ஊரில் மண் மூடிக் கிடந்த கோயில்கள் உண்டு. பிறகு தோண்டியெடுத்துப் புதுப்பித்தார்கள். வெயிலும் மழையும் மனிதர்களும் படாத இடத்தில் சிற்பம் அப்படியே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்.பி.யின் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே கடைசிப் பாட்டுக்கு வரும்போது இருபதை ஒட்டிச் சுருங்கிவிடும். அதே பாட்டை அதில் பாதி இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். குண்டு நுனியால் அந்த நுணுக்கெழுத்தைப் படிக்க முடியாது. கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எல்லாம் சீறுவது அதனால்தான்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை. 2018-ல் வந்தது. காந்த வகை. பாரம் இரண்டு கிராம், நாலணாவுக்கும் குறைவு. உடம்பு ஒன்றே, முள் மட்டும் உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று தினுசு தினுசாகக் கிடைக்கும். பழைய 78 சுற்றுத் தட்டுக்கும் தனி முள் உண்டு. அதன் பள்ளம் அகலமானது, எல்.பி. முள் அதில் அடியில் போய் உருளும். நான் உடம்போடு மைக்ரோலைன் முள்ளை வாங்கினேன். ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்கிறது கம்பெனி. நடைக் கணக்கில் சென்னை - கன்னியாகுமரி போய், திரும்பி முக்கால் வழி வந்துவிடலாம். முதல் வகை நண்பர் கேள்விப்பட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் "பரவாயில்லை, ஆரம்பத்துக்கு நல்லதுதான்" என்றார்.

*

முள்ளை மாட்டியதும் தட்டில் வைத்துவிடவில்லை. முதலில் குளியல். கோயில் வாசலில் ஓடிய தட்டு என்றால் பள்ளத்தில் என்ன இருக்கும்? விபூதி, குங்குமம், கற்பூரப் புகை, பொரி உமி. ஒரு தட்டில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். பாட்டரிக்கு ஊற்றுகிற வடிநீரும் மெல்லிய பிரஷும் வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். கேஷியர் மீன் தொட்டியைக் கழுவுகிற அதே பக்தியோடு.

அடுத்து, ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அமுக்கினேன். இதற்குக் காலணா செலவில்லை. பழைய தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. அதில் பாட்டு இடம் வலமாக மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. முள் மேலும் கீழுமாகக் குதித்தால் அது பாட்டில்லை, வெறும் தூசு, கீறல். மோனோ பொத்தான் அந்தக் குதிப்பை அடித்து நீக்கிவிடும். பாதிச் சத்தம் அதிலேயே போயிற்று.

சோதனைக்கு எடுத்தது 'கொஞ்சும் சலங்கை'. 1962-ல் வந்த படம். எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறுமே, அந்தப் பாட்டு. இரண்டும் உச்சிக்குப் போகிற இடத்தில்தான் தேய்ந்த தட்டின் வண்டவாளம் தெரியும். முரட்டு முள்ளில் அந்த இடம் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினாற்போல இருந்தது. இப்போது? கீறல் இருந்தது, தூரத்தில் மழைத்தூறல் மாதிரி. ஆனால் குரல் வேறு, நாகஸ்வரம் வேறு என்று பிரிந்து நின்றன. மூச்சு வாங்குவது கேட்டது.

எல்லாத் தட்டும் பிழைத்தது என்று சொன்னால் பொய். பத்தில் நாலு எழுந்து உட்கார்ந்தது. மூன்று, பாயில் படுத்தபடியே கையசைத்தது. மீதிக்கு எந்த வைரத்தாலும் உயிர் வராது. எட்டணாக் காசு அடிவரை உழுதிருந்தது. எதெல்லாம் ஜனத்துக்கு உயிரோ அதெல்லாம்தான் அதிகம் செத்திருந்தது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுத் தட்டு ஒன்றில் பள்ளமே வழவழவென்று மின்னியது. தொடாமல் கிடந்த பின்பக்கங்கள் எல்லாம் புதுக் கருக்கோடு இருந்தன.

ஒரு மாசத் தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது, அம்மிக்கல்லைக் காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துப் படவேட்டுக்குக் கொண்டு போனேன். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த வயதில் காதின் மேல் ஸ்தாயி போயிருக்கும். அடி ஸ்தாயியும் நடுவும்தான் மிச்சம். இருபத்தைந்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை பாடுகிறது என்று கார்ட்ரிட்ஜ் அட்டையில் போட்டிருப்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம்.

கல்யாண நாகஸ்வர எல்.பி. ஒன்றை எடுத்து வைத்தேன். மாமா எட்டணாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இத வெக்க வாணாமா?"

"வாணாம் மாமா."

"குதிச்சா?"

"குதிக்காது."

நம்பாமல்தான் உட்கார்ந்தார். நாகஸ்வரம் எடுத்தது. பின்னால் தவில் சேர்ந்ததும் மாமா கழுத்தைத் திருப்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். தவிலின் தொப்பிப் பக்கம், அந்த அடி நாதம், மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்குள் நுழையவே நுழையாது. குழாய்க்குக் குரலும் நாகஸ்வரமும் போகும்; அதற்குக் கீழே கதவு சாத்திவிடும். அந்தத் தட்டை அவர் எத்தனை தாலிக்குப் போட்டிருப்பார் என்று கணக்கில்லை. அதில் தொப்பி இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கம் முடிகிற வரை பேசவில்லை. அத்தை கொண்டு வந்த காபி ஆறிப் போயிற்று. முள் தூக்கியதும் சொன்னார்: "இத்தினி வருசம் ஊருக்குத்தான் மாப்ள போட்டேன். நானு கொழாய்க்குப் பின்னாடிதானே ஒக்காந்திருந்தேன்."

வியாபாரிக்கு மறுநாள் போன் போயிற்று. ஒரு பெட்டி மட்டும் தருவதாக. மற்றது புது வீட்டில் பரண் வைத்தே கட்டச் சொல்லிப் பையனிடம் உத்தரவாகிவிட்டது. செத்த தட்டுகளில் ஈஸ்வரியை மட்டும் அவர் தள்ளவிடவில்லை. "ஓடலன்னா இன்னா? இருக்கட்டும்" என்றார்.

நீங்கள் கார்ட்ரிட்ஜ் மாற்றப் போகிறவராக இருந்தால், கடைக்குப் போகுமுன் உங்கள் தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதுத் தட்டா, தாத்தா தட்டா, யார் எந்தப் பாரத்தில் ஓட்டியது என்று விசாரியுங்கள். பிறகு கையின் கனம், ஆம்ப்ளிஃபையரின் துவாரம். விலைச்சீட்டு கடைசியில். என் கதையில் காசெல்லாம் போனது நுனியின் வடிவத்துக்குத்தான். உங்கள் கதையில் வேறாக இருக்கலாம்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை மட்டும் உண்டு. இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"எல்லாம் சரி மாப்ள. சவுண்டு பத்தல. கோயில் வரிக்கும் கேக்கணும், ஏத்து!"